ஆங்கில வகுப்பில் ஏஐ: முதல் வரியை யார் எழுதுவது?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமான வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். விடுமுறையில் என்ன செய்தீர்கள், ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள். மறுநாள் 42 நோட்டுகள் மேசைக்கு வந்தன. ஒரு மாணவியின் நோட்டில் இப்படி இருந்தது: "லாஸ்ட் வீக் ஐ கோ டு ஆயா ஹவுஸ். ஆயா கிவ் முறுக்கு. முறுக்கு வெரி ஹார்ட். ஐ பைட், டூத் பெய்ன். ஆயா லாஃப். ஐ ஆல்ஸோ லாஃப்."

அப்போதுதான் நான் ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழகத் தொடங்கியிருந்தேன். அந்த வரிகளை அப்படியே தட்டச்சு செய்து, "இதைத் திருத்திக் கொடு" என்று மட்டும் கேட்டேன். சில விநாடிகளில் பதில் வந்தது. ஆயா "பிலவ்ட் கிராண்ட்மதர்" ஆகியிருந்தார். முறுக்கு "டிரெடிஷனல் ஸ்நாக்" ஆகியிருந்தது. பல்வலியைக் காணோம். முடிவில் "எ மெமரி ஐ வில் செரிஷ் ஃபாரெவர்" என்று அவள் எழுதாத ஒரு வரி. பிழை ஒன்றுகூட இல்லை. அதை அவளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லாருக்கு மிஸ். ஆனா இது எங்க ஆயா மாதிரியே இல்ல" என்றாள்.

ஆங்கில வகுப்பில் ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் நான் அவள் சொன்னதிலிருந்துதான் தொடங்குகிறேன். முதல் வரியைப் பிள்ளை எழுதினாளா, கருவி எழுதியதா? அது உதவியா உபத்திரவமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணினி அறிவு தேவையில்லை. தமிழ் தெரிந்தால் போதும்.

அடுத்த சொல்லை ஊகிக்கும் வேலை

"காலையில் எழுந்ததும் பல்" என்று சொல்லி நிறுத்துகிறேன். அடுத்த சொல் என்ன? சிலர் "துலக்கினேன்" என்பார்கள், சில ஊர்களில் "விளக்கினேன்", சில வீடுகளில் "தேய்த்தேன்". "பல் நட்டேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல்லாயிரம் முறை கேட்டுப் பழகியதால், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது நமக்குள் ஊறியிருக்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற கருவிகளின் அடிப்படையும் இதுதான். இவற்றுக்குப் பெயர் மொழி மாதிரிகள். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, அடுத்து வரும் துண்டு எது என்று திரும்பத் திரும்ப ஊகிக்க வைத்து இவற்றைப் பழக்குகிறார்கள். பிறகு, மனிதர்கள் விரும்பும் வகையில் பதில் சொல்லவும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மனிதரைப் போல உரையாடும் நிரல் புதிதன்று. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய 'எலைசா' 1966இலேயே தட்டச்சு வழியே உரையாடியது. ஆனால் அது நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் சில விதிகளைக் கொண்டு இயங்கியது. இன்றைய கருவிகளுக்கு அடித்தளமான 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற அமைப்பை கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில மாதங்களில் ஆசிரியர் அறைகளிலும் இதே பேச்சாகிவிட்டது.

ஊகிப்பதுதான் வேலை என்பதால் ஆசிரியர் நினைவில் வைக்க வேண்டியவை உண்டு. ஓட்டமான ஆங்கிலம் எழுதுவதில் இந்தக் கருவி கெட்டி, சலிக்கவே சலிக்காது. ஆனால் சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் பழக்கம் அதற்கு இயல்பிலேயே கிடையாது. பொருந்தி வருவதைச் சொல்லும், அவ்வளவுதான். ஒருமுறை எங்கள் பாடநூலின் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லி ஐந்து வினாக்கள் கேட்டேன். பாடத்தில் இல்லவே இல்லாத ஒரு தாத்தாவைப் பற்றி மூன்று வினாக்கள் வந்தன. மொழி சுத்தமாக இருந்தது, தாத்தாதான் பொய். அன்றிலிருந்து பாடத்தின் பத்தியை நானே உள்ளே ஒட்டிவிட்டு, "இந்தப் பத்தியிலிருந்து மட்டும் கேள்" என்கிறேன். பிழை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்று, கருவி எப்போதும் நடைமுறையில் அதிகம் புழங்கும் வழியை நோக்கிச் சாயும். பாட்டி என்றாலே "அன்பான", பண்டிகை என்றாலே "மறக்க முடியாத". அந்தப் பெண்ணின் ஆயா காணாமல் போனது இதனால்தான். உலகத்தில் எழுதப்பட்ட ஆயிரமாயிரம் பாட்டிக் கட்டுரைகளின் சராசரிப் பாட்டியை அது கொண்டுவந்து உட்கார வைத்தது.

ஆசிரியரின் மேசையில்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதலில் மாணவர் கையில் கொடுக்காமல் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம் எளியது. நமக்கு ஆங்கிலம் தெரியும், பிழை வந்தால் கண்ணில் படும்.

பயிற்சித்தாள் தயாரிப்பதிலிருந்து தொடங்கலாம். வேற்றுமை உருபு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழில் "வீட்டில்", "மேசையில்", "பேருந்தில் போனேன்", "ஜனவரியில்", "வாசலில்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே "இல்" போதும். ஆங்கிலத்தில் வீட்டுக்கு "இன்", மேசைக்கு "ஆன்", பேருந்துப் பயணத்துக்கு "பை", ஜனவரிக்கு "இன்", வாசலுக்கு "அட்". நம் பிள்ளைகள் பிரிபொசிஷனில் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சந்தையில் கிடைக்கும் கிராமர் புத்தகங்களில் லண்டன், நியூயார்க் வாக்கியங்கள் இருக்கும், தமிழ்ப் பிள்ளை ஏன் தவறுகிறாள் என்பது இருக்காது. அந்த இடத்தை ஏஐ கொண்டு நிரப்பலாம். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும்.

"பிரிபொசிஷன் பயிற்சி கொடு" என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதுபோலவே வரும். நான் இப்படிக் கேட்கிறேன்: "தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட 14 வயது மாணவர்களுக்கு இன், ஆன், அட், பை ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். தமிழில் இவை எல்லாமே 'இல்' என்ற ஒரே உருபாக வரும், அதனால்தான் குழம்புகிறார்கள். 12 வாக்கியங்கள் கொடு. ஒவ்வொன்றும் எட்டுச் சொற்களுக்குள் இருக்கட்டும். டவுன் பஸ், ரேஷன் கடை, கபடித் திடல், காலைப் பிரார்த்தனை இவை வர வேண்டும். விடையைத் தனியே கடைசியில் கொடு. இரண்டு விடை பொருந்தும் வாக்கியம் இருந்தால் அதை நீக்கிவிடு." கட்டளையை ஆங்கிலத்திலும் கொடுக்கலாம், தமிழிலும் கொடுக்கலாம். இப்படி யாருக்கு, ஏன், எவ்வளவு, எதை வைத்து, எதைத் தவிர்த்து என்று சொல்லிக் கேட்பதைத்தான் 'ப்ராம்ப்ட்' எழுதுவது என்கிறார்கள். புது உதவியாளருக்கு வேலை சொல்வதுபோலத்தான். விவரம் கூடக்கூட வேலை சுத்தமாக வரும்.

கடைசி வரியில் கேட்டதை நம்பிவிடாதீர்கள். "இரண்டு விடை பொருந்தும் வாக்கியம்" எப்படியும் ஒன்றிரண்டு தப்பி வரும். பன்னிரண்டையும் நீங்களே ஒருமுறை விடை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கரும்பலகைக்குப் போக வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது.

அடுத்தது, ஒரே பத்தியை வெவ்வேறு நிலைகளில் எழுதி வாங்குவது. நம் வகுப்புகளில் முதல் பெஞ்சில் ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் பிள்ளையும் கடைசி பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். கற்பவர் இப்போது புரிந்துகொள்வதைவிட ஒரு படி மட்டும் மேலே உள்ள மொழியைக் கேட்டும் படித்தும்தான் மொழி வளர்கிறது என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்டார். அதில் எல்லாவற்றையும் ஏற்காதவர்களும், புரியாத பத்தியை மனப்பாடம் செய்வதால் மொழி வராது என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் தொடக்க நிலையான ஏ1இலிருந்து ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறிப்போகும் ஆறு நிலைகள் உண்டு. ஏஐ கருவிகளுக்கு இந்த அளவுகோல் தெரியும். "இதே பத்தியை ஏ1 நிலையில் 60 சொற்களில், ஏ2 நிலையில் 100 சொற்களில் எழுது, கதையும் பெயர்களும் மாறக் கூடாது" என்று கேட்டால் கிடைக்கும். ஏ1 என்று கொடுத்ததிலும் இரண்டு கடினச் சொற்கள் ஒளிந்திருக்கும், தேடி மாற்றிவிடுங்கள். கதை ஒன்றாக இருப்பதால் வகுப்பு முழுவதும் சேர்ந்து பேச முடிகிறது. "நான் படிச்சது சின்னது" என்ற கூச்சம் கடைசி பெஞ்சுக்கு வருவதில்லை. என் அனுபவத்தில் இந்தக் கருவியால் அதிகப் பலன் கண்டவர்கள் அந்த பெஞ்சுப் பிள்ளைகள்தான்.

இலக்கணத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. இந்தக் கருவிகள் படித்த பக்கங்களில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. சில நேரம் தமிழ் உதாரணமே தவறாக வரும், அல்லது யாரும் பேசாத புத்தகத் தமிழில் வரும். அந்த விளக்கத்தை நாமே நம் வாயால் சொல்வதுதான் நல்லது.

திருத்தம் என்றால் என்ன

முறுக்குக் கட்டுரைக்குத் திரும்புகிறேன்.

பிள்ளை "ஆயா கிவ் முறுக்கு" என்று சொன்னால், பெரும்பாலான ஆசிரியர்கள் "ஆயா கேவ் மீ முறுக்கு" என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். கனடாவில் பிரெஞ்சு வழியே பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் கொடுத்த திருத்தங்களில் 55 விழுக்காடு இப்படிச் சரியானதைத் திருப்பிச் சொல்லும் வகை. ஆனால் அந்தத் திருத்தத்துக்கு மாணவர்கள் ஏதாவது எதிர்வினை காட்டியது 31 விழுக்காடு நேரம்தான். மற்ற நேரத்தில் அது காற்றோடு போனது. ஆசிரியர் விடையைச் சொல்லாமல் "எப்படிச் சொல்வாய்?" என்று அவர்களிடமிருந்தே வரவழைக்கப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் மாணவர்கள் ஏதோ ஒரு பதிலுக்கு முயன்றார்கள்.

ஏஐயிடம் "திருத்து" என்றால் அது செய்வது முதல் வகைத் திருத்தம். அதுவும் பத்தி முழுவதையும் ஒரே மூச்சில். பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். கை வேலை செய்யும், மூளை செய்யாது. ஆகவே கருவியை இரண்டாம் வகைக்குத் திருப்ப வேண்டும். நான் இப்போது கொடுக்கும் கட்டளை ஏறத்தாழ இது: "கீழே இருப்பது 14 வயது மாணவி எழுதியது. நீ எதையும் திருத்தி எழுதாதே. கடந்த கால வினைச்சொற்களை மட்டும் பார். எந்த வரிகளில் சிக்கல் என்று மட்டும் சொல். ஒவ்வொரு வரிக்கும் அவளே கண்டுபிடிக்கும்படி எளிய கேள்வி ஒன்று கேள். அவளுடைய சொற்களையும் செய்தியையும் மாற்றாதே."

அப்படிக் கேட்டபோது கிடைத்த கேள்விகளில் ஒன்று: "இது போன வாரம் நடந்ததா, தினமும் நடப்பதா? போன வாரம் என்றால் 'கிவ்' எப்படி மாறும்?" அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தேன். "கோ" எப்படி மாறும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, எழுதும்போது நினைவு வரவில்லை, அவ்வளவுதான். "பைட்" அவளுக்குத் தெரியவில்லை, "பைட்டட்" என்று எழுதினாள். வகுப்பில் அதற்கு மட்டும் இரண்டு நிமிடம் பேசினோம். "டூத் பெய்ன்" அப்படியே இருந்தது, நான் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழைதான். ஆர்ட்டிகிளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்ட்டிகிள் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் "ஒரு" உண்டு, அதனால் "எ" ஓரளவு வந்துவிடும். "தி"க்கு இணையாகத் தமிழில் எதுவும் இல்லை. அதேபோல "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதிலிருந்து "டிஸ்கஸ் அபௌட்" வந்துவிடுகிறது. இந்தத் தமிழ் வேர்களை நீங்கள் கட்டளையில் சொன்னால்தான் கருவி கவனிக்கும். சொல்லாவிட்டால் உலகத்து மாணவர் எல்லோருக்கும் பொதுவான திருத்தத்தையே கொடுக்கும். ஆங்கில ஆசிரியரின் தமிழறிவுக்கு இந்த இடத்தில்தான் பெரிய மதிப்பு இருக்கிறது. இவ்வளவு நாளாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் "தமிழை மறந்துவிடு" என்று சொல்லிவந்ததற்கு நேர் எதிர் இது, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

மதிப்பெண் போடும் வேலையைக் கருவியிடம் விடாதீர்கள். கட்டுரைக்கு மதிப்பெண் போடும் நிரல்கள் பழையவை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் 'இ-ரேட்டர்' என்ற நிரல் 1999இலிருந்தே பயன்பட்டது. 2014இல், எம்ஐடியில் பணியாற்றியிருந்த லெஸ் பெரல்மன் சில மாணவர்களோடு 'பேபல்' என்ற நிரலை உருவாக்கினார். அது அர்த்தமே இல்லாத கட்டுரைகளை எழுதும். பெரிய சொற்களும் நீண்ட வாக்கியங்களும் இருந்ததால் தானியங்கி மதிப்பீட்டு நிரல்கள் அவற்றுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தன. இன்றைய மொழி மாதிரிகள் அதைவிட நுட்பமானவைதான். ஆனாலும் முறுக்கு கடித்துப் பல் வலித்ததற்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேசிப் பழக ஒரு துணை

நம் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலத்தில் பேச வீட்டில் ஆள் கிடையாது, தெருவிலும் கிடையாது. பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு. குரல் வழியே உரையாடும் ஏஐ கருவிகள் சிரிப்பதில்லை. பத்து முறை தவறாகச் சொன்னாலும் பதினோராவது முறையும் அதே பொறுமையோடு கேட்கும். மனப்பயம் உள்ள பிள்ளைக்கு இது சின்ன விஷயமன்று.

இங்கும் தமிழிலிருந்து தொடங்கலாம். "நீ நாளைக்கு வரலையா?" என்று கேட்டால் வராதவர் "ஆமா, வரல" என்பார். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு "நோ, ஐ ஆம் நாட்" என்று வர வேண்டும். நம் பிள்ளைகள் "யெஸ்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் குழம்பிப்போவார். "எதிர்மறைக் கேள்விகளாகவே பத்து கேள், நான் யெஸ், நோ மாற்றிச் சொன்னால் மட்டும் நிறுத்து" என்று கருவியிடம் சொல்லிவிட்டு என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். இருந்தது என்னுடைய ஒரே செல்போன்தான். மற்றவர்கள் சுற்றி நின்று, தப்பு வந்தால் கருவி சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கினார்கள். அந்த பீரியட் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.

வாசித்துப் பழகவும் இதுபோன்ற செயலிகள் உண்டு. கூகுள் 2019இல் இந்தியாவில் 'போலோ' என்று வெளியிட்டு, பின்னர் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி, பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டு, தடுக்கிய சொல்லைச் சுட்டிக்காட்டும் வகையில் அமைந்தது.

உச்சரிப்பில் மட்டும் கருவியின் தீர்ப்பை இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் ஸ்கூல் என்பது "இஸ்கூல்" ஆகிறது. 'பல்'லில் வரும் ஒலியும் 'தம்பி'யில் வரும் ஒலியும் வேறானாலும் எழுத்து ஒன்றாக இருப்பதால், அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டிய ஆங்கிலச் சொற்களில் ஒலி கலங்கும். இவை உண்மையான சிக்கல்கள், பயிற்சி கொடுக்க வேண்டியவை. ஆனால் பல நேரம் பிள்ளை சரியாகத்தான் சொல்கிறாள், கருவிக்குத்தான் நம் காது இல்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் நிரல்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியதில் சொற்பிழை 19 விழுக்காடு, கறுப்பின அமெரிக்கர்கள் பேசியதில் 35 விழுக்காடு. ஆங்கிலமே தாய்மொழியான மக்களுக்கே இந்த நிலை. "மிஸ், நான் சொன்னது அதுக்குப் புரியல" என்று ஒரு பிள்ளை வருத்தத்தோடு வந்தால், முதலில் நீங்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரிந்தால் அவளுடைய ஆங்கிலத்தில் குறையில்லை என்று சத்தமாக, எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

பார்த்து எழுதுவது பற்றி

எல்லா ஆசிரியரும் கேட்கும் கேள்வி இது: வீட்டுப்பாடத்தை ஏஐயை வைத்து எழுதி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். உறுதியாகக் கண்டுபிடிக்க வழி கிடையாது. 'ஏஐ எழுதியதா என்று சொல்கிறோம்' என்று சொல்லும் தளங்கள் பல இருக்கின்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைவிட நம்மை நேரடியாகத் தொடுவது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் 'டோஃபல்' என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை "இயந்திரம் எழுதியது" என்று அந்தக் கருவிகள் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் அப்படிப் பிழை மிகக் குறைவாகவே நேர்ந்தது.

ஏன் என்று யோசித்தால் முதலில் பார்த்த "பல் துலக்கினேன்" கதைக்கே வந்து சேர்வோம். அடுத்த சொல் எளிதாக ஊகிக்கும்படி இருந்தால், அது இயந்திரம் எழுதியது என்று இந்தக் கருவிகள் எண்ணுகின்றன. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குத் தெரிந்தது கொஞ்சம் சொற்கள்தான். "வெரி ஹாப்பி", "வெரி குட்" என்று பழகிய தடத்திலேயே எழுதுவாள். அதாவது கஷ்டப்பட்டுத் தானே எழுதிய பிள்ளைதான் மாட்டிக்கொள்வாள். ஒரு திரையில் வந்த விழுக்காட்டைக் காட்டி எந்தப் பிள்ளையையும் திருடி என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காயம் ஆறுவதற்கு வருஷக்கணக்காகும்.

கண்டுபிடிப்பதைவிட, தேவையில்லாமல் செய்துவிடலாம். முதல் வரைவை வகுப்பிலேயே, கையால், பதினைந்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். பிழை இருக்கட்டும். வீட்டில் அதைச் செப்பனிடும்போது வேண்டுமானால் கருவியின் உதவியைப் பெறட்டும். கைடு பார்த்து எழுதுவது நமக்குப் புதிதா என்ன? அப்போதும் நமக்குத் தெரிந்த ஒரே மருந்து, அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் விடை தெரியாத கேள்வியைக் கேட்பதுதான்.

பார்த்து எழுதுவதால் பிள்ளைக்கு என்ன நட்டம் என்பதற்கும் ஓரளவு சான்று கிடைத்திருக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பாடம் கணிதம், ஆங்கிலம் இல்லை. ஆனாலும் நமக்குப் பொருந்தும். கேட்டால் விடை சொல்லும் சாதாரண ஏஐயை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். பிறகு கருவி இல்லாமல் தேர்வு வைத்தபோது, கருவியையே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளின்படி வழிகாட்டும் ஏஐ கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஒரே தொழில்நுட்பம்தான் இரண்டிலும். முதல் முயற்சியை யார் செய்தது என்பதில்தான் வித்தியாசம்.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள்

மாணவர் பெயர், எமிஸ் எண் (அரசின் கல்வித் தரவுத்தளத்தில் அவருக்குள்ள எண்), புகைப்படம், வீட்டுச் சூழல் எதையும் கருவியில் பதியாதீர்கள். கட்டுரையை ஒட்டும்போது பெயரை நீக்கிவிடுங்கள். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள், அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறையில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் எங்கள் வகுப்பில் கருவியை இயக்குவது என் செல்போனில், என் கணக்கில், என் கண்முன்.

ஒரு செல்போன் போதுமா என்று தயங்க வேண்டாம். நான் மேலே சொன்ன எதற்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. கேள்விகளைக் கருவியிடம் வாங்கிக் கரும்பலகையில் எழுதுகிறேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். திரை உள்ள அறை காலியாக இருந்தால் அங்கே போகிறோம். அப்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரே தலைப்பில் கருவி எழுதிய பத்தியையும் ஒரு பிள்ளை அனுமதியோடு கொடுத்த பத்தியையும் அருகருகே போட்டு, "இந்த ஆளை எந்தப் பத்தியில் உங்களால் பார்க்க முடிகிறது?" என்று கேட்பேன். பிழை நிறைந்த பத்தியைத்தான் வகுப்பு கைகாட்டும். அதன் பிறகு பிழைகளைத் திருத்த எல்லோரும் சேர்ந்து உட்கார்வோம், அந்த ஆள் தொலைந்துபோகாமல்.

நீங்கள் நாளைக்கே தொடங்க விரும்பினால் ஒரு நோட்டை மட்டும் எடுங்கள். அதில் ஒரே ஒரு வகைப் பிழையைத் தேர்ந்தெடுத்து, திருத்தாமல் கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வந்த கேள்விகளில் சரியில்லாததை அடித்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல் வரைவு நோட்டின் இடப்பக்கம், இரண்டாம் வரைவு வலப்பக்கம். மதிப்பெண்ணை அந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே நடந்த மாற்றத்துக்குப் போடுங்கள்.

முறுக்குக் கட்டுரை மூன்றாம் வரைவில் இப்படி முடிந்தது: "ஐ பிட் இட் அண்ட் மை டூத் பெய்ன்ட். ஆயா லாஃப்ட். ஷீ ஹேஸ் நோ டீத், ஸோ ஷீ இஸ் சேஃப்." கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை, கருவியும் கேட்கவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோது அவளுக்கே நினைவு வந்ததாம்.